பிரமாணத்துக்குக் காத்திருக்கும் நாட்கள்

மார்ச் 4
அமெரிக்கக் குடியுரிமைப் பிரமாணத்துக்கு அழைக்கும் கடிதம் இன்றும் இல்லை.

மார்ச் 6
மறுபடி ஸ்டேன்வைக். கோர்னேலிஸ் ஸ்டேன்வைக், டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாமில் பெரிய வணிகர்களில் ஒருவர், நகரசபையில் பர்கோமாஸ்டர், அதாவது நகரத் தலைவர்களில் ஒருவர். 1664-ல் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து நின்றபோது கோட்டையில் வெடிமருந்து போதவில்லை. சரணடைந்துவிடலாம் என்று மனு கொடுத்த 93 பேரில் டச்சு கவர்னர் ஸ்டைவசன்டின் மகனும் உண்டு. சரண் ஒப்பந்தத்தில் டச்சுத் தரப்பில் கையெழுத்துப் போட்டவர்களில் ஸ்டேன்வைக் ஒருவர். அக்டோபரில் ஆங்கிலேய அரசருக்குப் பிரமாணம். 1668-ல் அதே ஊருக்கு மேயர். ஊர்ப் பேர்தான் நியூயார்க் என்று மாறியிருந்தது.

மார்ச் 7
அம்மா நாகப்பட்டினத்திலிருந்து போன் பண்ணினாள். "அப்ப நம்ம பாஸ்போர்ட்ட என்னடி பண்ணுவ?" ஒப்படைக்கணும்மா என்றேன். பிறகு இருவருமே மழையைப் பற்றிப் பேசினோம்.

மார்ச் 11
பச்சோந்தி என்று ஸ்டேன்வைக்கை ஒதுக்குவது அநியாயம். 1673-ல் டச்சுக் கப்பற்படை ஊரைத் திரும்பப் பிடித்ததும் புது கவர்னருக்கு ஆலோசகரானார், சரி. அடுத்த வருஷமே சமாதான ஒப்பந்தப்படி ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1675-ல் ஆங்கிலேய கவர்னர் ஆண்ட்ரோஸ் மறுபடி பிரமாணம் கேட்டபோது, ஸ்டேன்வைக்கும் இன்னும் ஏழு பேரும் ஓர் உறுதி கேட்டார்கள்: எங்கள் சொந்த நாட்டாருக்கு எதிராக ஆயுதம் எடுக்கச் சொல்லக் கூடாது. ஆண்ட்ரோஸ் மறுத்துவிட்டார். வழக்கு நடந்தது, சரக்குகளைப் பறிமுதல் செய்யத் தீர்ப்பானது. கடைசியில் பிரமாணம் எடுத்தார்கள். ஆனால் கேட்டார்களே!

நான் படிக்க வேண்டிய வாசகத்திலும் அதே ஆயுதம் இருக்கிறது. மத நம்பிக்கை காரணமாக விலக்குக் கேட்கலாமாம். எனக்கு அந்தக் காரணம் கிடையாது. நேர்காணலில் "யெஸ்" சொன்னேன், அந்த அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டிக் அடித்தார்.

மார்ச் 12
தூக்கமில்லை.

மார்ச் 15
இன்று அந்த வணிகர்கள் எல்லோர் மேலும் கோபம். ஊர் கைமாறுவதற்குச் சில வாரம் முன்பு, கிதியோன் என்ற கப்பல் சுமார் 290 ஆப்பிரிக்க அடிமைகளை அங்கே கொண்டுவந்து இறக்கியது. அவர்களை யார் எந்தப் பிரமாணம் கேட்டார்கள்? சொத்துரிமை, வழிபாட்டுரிமை, வாரிசுரிமை என்று அத்தனையையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவர்களுக்கு அவர்கள் சரக்கு.

மார்ச் 16
ஸ்டேன்வைக்கின் உருவப்படத்தின் அச்சுப்பிரதியைப் பார்த்தேன். கீழே சின்னதாக ஊர்த் தோற்றம் தீட்டியிருக்கிறார்கள். மூன்று முறை கொடி மாறிய ஊர். 1682-ல் மறுபடி அவரையே மேயராக்கினார்கள். எந்த ஆட்சி வந்தாலும் ஊர்க் கணக்கு தெரிந்தவர் தேவைப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 19
கடிதம் வந்துவிட்டது. 26-ஆம் தேதி, காலை 8 மணி. கிரீன் கார்டைக் கையோடு கொண்டுவர வேண்டும். அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டும்.