சேலத்துப் பிள்ளைகளும் கப்பல் கட்டும் படிப்பும்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்த நாளிலிருந்து பொறியியல் கலந்தாய்வு முடியும் வரை, இயற்பியல் ஆசிரியரான என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் பெற்றோர்கள் பெரும்பாலும் ஒரே சில பாடப்பிரிவுகளின் பெயர்களைத்தான் சொல்வார்கள். இந்த ஆண்டு, அம்மாப்பேட்டையில் விசைத்தறி ஓட்டும் ஒருவரின் மகள் கப்பல் வடிவமைப்புப் படிக்க விரும்புவதாகச் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் உடன் வந்த தந்தை, "பொட்டப்புள்ளய வருசக்கணக்குல கடல்ல விட்டுட்டு நாங்க எப்படிங்க சார் இருக்கறது?" என்று கேட்டார். கடற்கரையே இல்லாத மாவட்டத்தில் வாழ்பவருக்கு இது நியாயமான கேள்விதான். அவருக்கு அன்று சுருக்கமாகச் சொன்னதை, அதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கப்பல் சார்ந்த பட்டப்படிப்புகளில் முதன்மையானவை மூன்று. கப்பலைச் செலுத்தக் கற்பது நாட்டிக்கல் சயின்ஸ். அதைப் படித்தவர் படிப்படியாக உயர்ந்து கேப்டன் ஆகிறார். கப்பலின் இயந்திரங்களை இயக்கவும் பராமரிக்கவும் கற்பது மரைன் இன்ஜினியரிங். நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு சுற்றுகளே சுழன்று, கியர் பெட்டி எதுவும் இல்லாமல் கப்பலை முன்னே தள்ளும் உந்தியை (புரொப்பல்லரை) நேரடியாகவே சுழற்றும் பிரம்மாண்டமான இரு வீச்சு டீசல் இயந்திரம் முதல் குடிநீர் தயாரிக்கும் கருவி வரை அவர் பொறுப்பு. அரசின் தகுதித் தேர்வுகளில் நான்காம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு என ஏறித் தலைமைப் பொறியாளர் ஆகிறார். இந்த இரண்டு படிப்புகளும் கடல் வாழ்க்கைக்கு உரியவை. மூன்றாவதான நேவல் ஆர்க்கிடெக்சர் அப்படியன்று. கப்பலின் உருவத்தைத் தீர்மானித்து, அது கவிழாது, முறியாது, குறைந்த எரிபொருளில் வேண்டிய வேகத்தில் செல்லும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே கணக்கிட்டுச் சொல்வது அந்தத் துறை. அதன் வேலை வடிவமைப்பு அலுவலகத்திலும் கப்பல் கட்டும் தளத்திலும் நடக்கிறது. அந்தப் பெண் கேட்டது இந்த மூன்றாவது படிப்பைத்தான்.

கப்பல் ஏன் மிதக்கிறது என்பதை ஆர்க்கிமிடீஸ் தத்துவம் படித்த எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மிதக்கும் பொருள் ஏன் நிமிர்ந்தே நிற்கிறது என்பதுதான் கடினமான கேள்வி. ஏற்காடு ஏரியில் படகு ஏறியவர்களுக்கு ஓட்டுநரின் அதட்டல் நினைவிருக்கும்: "யாரும் எந்திரிக்காதீங்க!" ஆட்கள் எழுந்து நின்றால் படகின் மொத்த எடை கூடுவதில்லை, ஈர்ப்பு மையம் மட்டுமே மேலே போகிறது. படகு சற்றே சாயும்போது நீருக்குள் அமிழ்ந்த பகுதியின் வடிவம் மாறுவதால், மிதப்பு விசை செயல்படும் புள்ளி சாய்ந்த பக்கமாக நகர்கிறது. அந்தப் புள்ளியிலிருந்து செங்குத்தாக மேல்நோக்கி வரையும் கோடு, படகின் நடுக்கோட்டை வெட்டும் இடத்துக்கு மெட்டாசென்டர் என்று பெயர். ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இருக்கும் வரை படகு தானாக நிமிரும். அதைத் தாண்டி மேலே போனால் கவிழும். இதை 1746இல் நூலாக வெளியிட்டவர் பியர் பூகேர் என்னும் பிரெஞ்சு அறிஞர். பூமியின் வடிவத்தை அளப்பதற்காகச் சென்ற குழுவோடு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில் தங்கியிருந்த ஆண்டுகளில்தான் அவர் அந்த நூலின் பெரும்பகுதியை எழுதினார். கப்பலின் நிலைத்தன்மை பற்றிய அடிப்படைக் கோட்பாடு மலைமேல் எழுதப்பட்டது என்பதை, உள்நாட்டு மாணவர்களிடம் நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன்.

இந்தக் கணக்கு தெரியாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஸ்வீடனின் வாசா போர்க்கப்பலே சான்று. புறப்படுவதற்கு முன் முப்பது பேரை மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடவிட்டுச் சோதித்தபோதே, கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். இருந்தும் 1628 ஆகஸ்டு 10 அன்று அது கடலுக்கு அனுப்பப்பட்டது. ஏறத்தாழ 1,300 மீட்டர் சென்றதும் காற்றில் சாய்ந்து, பீரங்கித் துளைகள் வழியே நீர் புகுந்து ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலேயே மூழ்கியது.

இன்றும் புதிய கப்பலைக் கட்டி முடித்ததும் அதே சோதனையை முறையாகச் செய்கிறார்கள். எடை தெரிந்த பளுக்களைத் தளத்தின் குறுக்கே நகர்த்தி, கப்பலுக்குள் தொங்கவிட்ட தூக்குக்குண்டு எவ்வளவு விலகுகிறது என்று அளந்து, ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது எனக் கண்டுபிடிக்கிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் அந்தப் பெண்ணை இதைச் செய்து பார்க்கச் சொன்னேன். பிளாஸ்டிக் தொட்டி நீரில் மிதக்கும் மரப்பெட்டி; மொத்த எடை 2 கிலோ. அதன்மேல் 50 கிராம் எடைக்கல்லை 10 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்த்தியதும், 20 சென்டிமீட்டர் நூலில் தொங்கிய குண்டு வரைபடத்தாளில் 1 சென்டிமீட்டர் விலகியது. அதிலிருந்து, ஈர்ப்பு மையத்துக்கும் மெட்டாசென்டருக்கும் உள்ள இடைவெளி 5 சென்டிமீட்டர் என்று அவளே கணக்கிட்டாள். பிறகு பெட்டிக்குள் பாதியளவு நீர் ஊற்றி ஆட்டிப் பார்த்து, ஏன் இப்படித் தள்ளாடுகிறது என்று கேட்டாள். பாதி நிரம்பிய தண்ணீர் லாரி, ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போது என்ன ஆகுமோ அதுதான் இது என்றேன். கப்பலின் தொட்டிகளைத் தடுப்புச் சுவர்கள் வைத்துப் பிரிப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

வகுப்பறையில் இவ்வளவு செய்ய முடியும் என்றால் இதற்கெனத் தனிப் பல்கலைக்கழகம் எதற்கு என்று கேட்கலாம். கப்பல் நீரைக் கிழித்துச் செல்லும்போது எழும் எதிர்ப்பைக் காகிதக் கணக்கால் மட்டும் முழுமையாகச் சொல்லிவிட முடியாது. மாதிரி செய்து இழுத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கு வழி காட்டியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட். 1870களின் தொடக்கத்தில் டார்கீ நகரில் நீண்ட தொட்டி ஒன்றை அமைத்து, மெழுகால் செய்த கப்பல் மாதிரிகளை அதில் இழுத்துப் பார்த்தார். மாதிரியை 25 மடங்கு சிறிதாக்கினால் வேகத்தை 25இன் வர்க்கமூலமான 5 மடங்கு குறைக்க வேண்டும் என்பது அவருடைய விதி. 150 மீட்டர்க் கப்பலுக்கு 6 மீட்டர் மாதிரி. 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்துக்கு 4 நாட். அப்போதுதான் மாதிரி எழுப்பும் அலைகள் உண்மைக் கப்பலின் அலைகளை ஒத்திருக்கும். ஆனால் நீரின் உராய்வு இந்த விதிக்குக் கட்டுப்படாது. அதைத் தனியே கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். இத்தகைய தொட்டிகள் மிகுந்த செலவு பிடிப்பவை. விசாகப்பட்டினத்தில் கடற்படைக்கான அரசு ஆய்வகத்தில் உள்ள தொட்டி 500 மீட்டர் நீளம் கொண்டது. ஒரு சாதாரணப் பொறியியல் கல்லூரி இதையெல்லாம் தாங்காது.

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துப் பாலிடெக்னிக்கில் 1902இல் கப்பல் கட்டும் துறை தொடங்கியது. அந்தத் துறை 1930இல் தனிக் கல்வி நிறுவனமாகி, இன்று கடல்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. சேதமடைந்து சாயும் கப்பலின் மறுபக்க அறைகளில் வேண்டுமென்றே நீரைப் புகுத்தி நிமிர்த்தலாம் என்று அட்டவணை போட்டுக் கொடுத்த அலெக்சேய் கிரிலோவ் பணியாற்றிய நகரம் அது. நம் நாட்டில் காரக்பூர் ஐஐடி 1952இலேயே இந்தப் படிப்பைத் தொடங்கியது. சென்னை ஐஐடியிலும் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் இப்படிப்பு இருக்கிறது. 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் சென்னையில் இருந்தாலும், கப்பல் வடிவமைப்பு இளநிலைப் படிப்புக்கு அதன் விசாகப்பட்டின வளாகமே பெயர் பெற்றது. விசாகப்பட்டினத்திலும் கொச்சியிலும் பெரிய கப்பல் கட்டும் தளங்கள் இருப்பதால், நான்கு ஆண்டுகளும் ஒரு தளத்தின் அருகிலேயே படிக்கும் வாய்ப்பை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சேலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் நடத்திய இரும்பாலைக்கு மூலப்பொருளாகச் சென்றது சேலம் பகுதியின் இரும்புத் தாது. இன்று கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கும், செயில் என்னும் பொதுத்துறை நிறுவனத்தின் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளுக்குப் பெயர் பெற்றது. விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலுக்குச் சென்ற ஏறத்தாழ 30,000 டன் சிறப்பு எஃகு அதே செயில் நிறுவனத்தின் வேறு ஆலைகளிலிருந்து போனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் துருப்பிடிக்காத எஃகுக்கும் கப்பலில் பெரிய இடம் இருக்கிறது. மைனஸ் 162 டிகிரியில் திரவ எரிவாயுவைச் சுமக்கும் கப்பல்களில் ஒரு வகையில், சரக்கைத் தொட்டு நிற்கும் உட்சுவர் வெறும் 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகுத் தகடுதான். குளிரில் சுருங்கும்போது கிழிந்துவிடாமல் இருக்க அதில் மடிப்புகள் வைத்திருப்பார்கள். உலோகவியலும் வெல்டிங்கும் கப்பல் கட்டுவதில் பாதி வேலை. உருக்காலைக் குடியிருப்பில் வளரும் பிள்ளைக்கு அது அந்நியமான துறையா என்ன?

தயங்க வேண்டிய இடங்களையும் மறைக்கக் கூடாது. உலகில் கட்டப்படும் கப்பல்களில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் சீனா, தென் கொரியா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளில் உருவாகின்றன. இந்தியாவின் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை இத்துறைக்கு 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்திருக்கிறது. அது தளங்களில் வேலையாக மாறச் சில ஆண்டுகள் ஆகும். கப்பல் தொழில் ஏற்ற இறக்கம் மிகுந்தது என்பதால், படிப்போடு கட்டமைப்புப் பகுப்பாய்வையும் திரவ ஓட்டக் கணிப்பையும் ஆழமாகக் கற்பவர்களுக்கே வேறு துறைகளிலும் கதவு திறக்கும். கப்பலில் வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்கும் தரகர்கள் வேறு இருக்கிறார்கள். கப்பல் பணிக்கு ஆள் எடுப்பவர் எவராயினும், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றிருக்கிறாரா என்று பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது.

பெற்றோர்கள் தவறவிடுவது இன்னொன்று. மேலே சொன்ன நிறுவனங்கள் எதற்கும் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு வழியாக இடம் கிடைக்காது. ஐஐடிகளுக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு, கொச்சிக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் கேட் (CAT) தேர்வு, கடல்சார் பல்கலைக்கழகத்துக்கு ஐஎம்யூ செட் என்று ஒவ்வொன்றுக்கும் தனி நுழைவுத் தேர்வு உண்டு. கலந்தாய்வு நேரத்தில் வந்து கேட்பவருக்கு அந்த ஆண்டின் வாசல் ஏற்கெனவே மூடியிருக்கும். அந்தப் பெண் நல்லவேளையாக ஐஎம்யூ செட் எழுதியிருந்தாள். அவளுடைய தந்தை கடைசியாகக் கேட்டது விசாகப்பட்டினத்துக்குச் சேலத்திலிருந்து நேரடி ரயில் உண்டா என்பதுதான். ஆலப்புழையிலிருந்து தன்பாத் செல்லும் விரைவு ரயில் நம் சேலம் சந்திப்பில் நின்று, விசாகப்பட்டினம் வழியாகத்தான் போகிறது.