அந்தோணியாரிடம் சொன்ன பொய்

பொருத்தனை அம்மாவுடையது. எனக்குக் கல்யாணம் கூடி வந்தால் ராயபுரத்திலிருந்து பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டு நாலு வருஷமாகிறது. கல்யாணம் கூடவில்லை, அவளுக்கு முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். போன ஆகஸ்டில், "நீயாவது கொடியேத்தத்துக்கு நடந்து போய்ட்டு வாடா, மாதா கண்ணைத் தொறக்கட்டும்" என்றாள். சரி என்றேன். அவளுக்குத் தெரியாமல் என்னிடமும் ஒரு பொருத்தனை இருந்தது.

வந்த வரன்களையெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தவன் நான்தான். காரணம் செல்போன். பதினேழு வயதில் ஒரு பிரவுசிங் சென்டரில் தொற்றிக்கொண்டது, முப்பத்து நாலிலும் விடவில்லை. என்ன மாதிரிப் படங்கள் என்று விளக்கத் தேவையில்லை. ராத்திரி பதினொன்றுக்குக் கையில் எடுத்தால் மூன்று மணி ஆகிவிடும். காலையில் பூசைக்குப் போவேன், அந்தப் பாவத்தோடு நன்மை (நற்கருணை அப்பம்) வாங்க எழுந்திருக்க மாட்டேன். ஏன் என்று அம்மா கேட்டால், வயிற்றில் எதுவும் போட்டுவிட்டு உடனே நன்மை வாங்கக் கூடாது என்பதைச் சாக்காக்கி, "வர்ற வழியில டீ குடிச்சிட்டேம்மா" என்பேன். எத்தனை வருஷம் அந்த டீ! அவள் நம்பினாளா என்று இன்றுவரை தெரியாது.

மே மாதத்தில் அரண்மனைக்காரன் தெரு அந்தோணியார் கோயிலுக்குப் பதின்மூன்று செவ்வாய் போக ஆரம்பித்தேன். செவ்வாய்க்கிழமை பாரிமுனை எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து மெழுகுதிரிக்காரர்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள். பத்து ரூபாய் திரியை முப்பது ரூபாய் என்பார்கள், வேண்டாம் என்றால் முகத்துக்கு நேரே சபிப்பார்கள். இருந்தாலும் உள்ளே போய் நின்றால் ஏதோ ஒன்று அடங்கும். தொலைந்ததைத் தேடித் தருபவராயிற்றே அந்தோணியார்; சாவி தொலைத்தவர், பணம் தொலைத்தவர், பிள்ளையைத் தொலைத்தவர் என எல்லோரும் ஒரே வரிசை.

மன்றாட்டுச் சீட்டில் கை வைத்தபோதுதான் சிக்கல். நவநாள் ஜெபத்தில் அந்தச் சீட்டுகளை வாசிப்பார்களே, "குடிப்பழக்கத்திலிருந்து விடுதலை வேண்டி ஒரு குடும்பம்" என்று. குடிக்கு நம் கோயில்களில் பெயர் உண்டு. குடிகாரரின் மனைவி எழுந்து நின்று அழலாம், சுற்றியுள்ளவர்கள் தோளைத் தட்டுவார்கள். என்னுடையதை எந்தப் பெயரில் எழுதுவது? பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் இருந்த அம்மாள், "சீக்கிரம் எழுதுப்பா" என்று இடித்தார். "குடியிலிருந்து விடுதலை" என்று எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டேன். நான் பியர்கூடத் தொட்டதில்லை.

ஆறு செவ்வாய் அதே பொய். ஜூன் 13 திருநாளிலும் அதே. ஏழாவது வாரம் "கெட்ட பழக்கம்" என்று எழுதினேன். அதற்கே கை வேர்த்தது.

பதின்மூன்றாவது செவ்வாய்தான், ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டேன். வலைக்கு அந்தப் பக்கம் வயதான குரல். உள்ளதை உள்ளபடி சொன்னேன், வருஷக் கணக்கோடு. திட்டு விழும் என்று காத்திருந்தேன். "எவ்வளவு நாளா தனியா தூக்கிட்டு அலையுற?" என்று கேட்டார். அவ்வளவுதான், எனக்குப் பேச்சு நின்றுவிட்டது.

அவர் சொல்லித்தான் மாற்கு ஜி தியான்சியாங் என்ற சீன வைத்தியரைப் பற்றித் தெரியும். வயிற்று வலிக்கு அபின் எடுத்து அதற்கே அடிமையானவர். திரும்பத் திரும்ப அதே பாவத்தைச் சொல்கிறார் என்று அவருக்குப் பாவமன்னிப்பையே நிறுத்திவிட்டார்கள். முப்பது வருஷம் நற்கருணை இல்லாமல் கோயிலுக்குப் போனார். 1900-இல் சீனாவில் கிறிஸ்தவர்களைக் கொன்ற பாக்ஸர் கலகத்தில் குடும்பத்தோடு வேதசாட்சியாகச் செத்தார். 2000-இல் புனிதர் பட்டம். "அவர் அபினை விட்டாரான்னு யாரும் எழுதி வைக்கலை. கோயிலை விடலைன்னு எழுதி வச்சிருக்காங்க" என்றார் ஃபாதர். ஒரு மனநல ஆலோசகரையும் பார்க்கச் சொன்னார். ஜெபம் போதாதா ஃபாதர் என்றதற்கு, "பல் வலிக்கு அப்பொலோனியம்மாளை வேண்டிக்கிட்டு டாக்டர்கிட்டயும் போறோம்ல?" என்று கேட்டார். போனேன். முதல் வேலையாகச் செல்போனை ராத்திரியில் படுக்கை அறைக்கு வெளியே வைக்கச் சொன்னார்கள். இப்போது அது ஹாலில், திருஇருதயப் படத்துக்குக் கீழே சார்ஜ் ஏறுகிறது.

கற்பு விஷயத்துக்கென்றே புனிதர்கள் உண்டு. பையன்களுக்கு ஞானப்பிரகாசியார் என்பார்கள், மரிய கொரற்றி என்பார்கள். கொரற்றியம்மாளிடம் வேண்ட எனக்கு வாய் வரவில்லை. பதினொரு வயதுக் குழந்தையான அவளைக் கெடுக்கப் பார்த்து, மறுத்ததால் குத்திக் கொன்றவன் என்னைப் போல ஒரு ஆண்பிள்ளைதானே. நான் நிற்க வேண்டிய இடம் அவளுக்குப் பக்கத்தில் இல்லை, அந்த அலெசாந்திரோவுக்குப் பக்கத்தில். அவள் சாகும்போது அவனை மன்னித்தாள், அவனும் சிறையில் மனம் திரும்பி, வெளியே வந்து அவள் தாயிடம் மன்னிப்புக் கேட்டான். அதைப் பிடித்துக்கொண்டுதான் கடைசியில் அவளையும் வேண்டினேன்.

ஆனால் எனக்கு நெருக்கம் அகுஸ்தினார். கற்பைத் தாரும் ஆண்டவரே, ஆனால் இப்போதே வேண்டாம் என்று ஜெபித்த ஆள்! அந்த ஜெபத்தை நான் எத்தனை ராத்திரி செய்திருப்பேன். அவருக்காக அழுது அழுதே காலத்தைக் கழித்தவர் தாயார் மோனிக்கம்மாள். ஆகஸ்ட் 27 தாய்க்குத் திருநாள், 28 பிள்ளைக்கு, 29 நம் மாதாவுக்குக் கொடி. இந்த மூன்று நாளையும் வரிசையாக வைத்தது யாரோ, எனக்காகவே வைத்தது போல இருந்தது.

29-ஆம் தேதி மதியம் பன்னிரண்டரைக்குக் காவி வேட்டி கட்டிக்கொண்டு செருப்பில்லாமல் கிளம்பினேன். ராஜாஜி சாலை வரை தெம்புதான். கடற்கரைச் சாலையில் தார் பழுத்துக் கிடந்தது, மெட்ரோ வேலைத் தடுப்புகளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஒற்றையடி வழி. கட்டைவிரலுக்குக் கீழே கொப்புளம் எழும்பி, கலங்கரை விளக்கம் வருவதற்குள் உடைந்தது. சாந்தோமில் தோமையார் கல்லறைச் சிற்றாலயத்தில் இறங்கி உட்கார்ந்தேன். தரை குளிர்ச்சியாக இருந்தது. என் ஆண்டவரே, என் கடவுளே என்பதற்கு மேல் ஒன்றும் வேண்டத் தோன்றவில்லை. பட்டினப்பாக்கத்தில் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு பெரியவர் குடும்பத்தோடு நின்று நடைபயணிகளுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். நாலு தம்ளர் குடித்தேன். அந்தக் குடும்பம் நன்றாயிருக்க வேண்டும்.

பெசன்ட் நகரில் கூட்டம் தெருமுனையிலிருந்தே நெரித்தது. கோயில் கோபுரத்தை விடத் தூக்கிப் பிடித்த செல்போன்கள்தான் அதிகம் தெரிந்தன. (நான் இதைச் சொல்வது வேடிக்கைதான்.) தகட்டில் அடித்த கை, கால், வீடு, தொட்டில் எல்லாம் பரப்பி வைத்திருந்த ஒரு அக்காவிடம் நின்றேன். என்ன காணிக்கை போடுவது என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன்.

"கண்ணு குடுங்கக்கா."

"அம்மாவுக்கு ஆபரேஷனா தம்பி?"

"இல்லக்கா, எனக்குத்தான்."

என் முகத்தை ஒருமுறை பார்த்தார். "உனக்குக் கண்ணு நல்லாத்தானப்பா இருக்கு?"

பதில் சொல்லவில்லை. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. தகட்டை முந்தானையில் துடைத்து, இரண்டு கண்ணும் மேலே தெரியும்படி உள்ளங்கையில் வைத்தார். ஒரு விரல் நீளம்கூட இல்லை. வரிசையில் ஒன்றரை மணி நேரம் அதைப் பிடித்திருந்ததில் விளிம்பு கையில் பதிந்துவிட்டது. கொடி ஏறியதைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை, "மரியே வாழ்க" என்ற சத்தம்தான் கேட்டது. மாதா முன்னால் தள்ளிவிடப்பட்டு நின்றது பத்து விநாடி இருக்கும். காணிக்கையைப் போட்டேன். தாயே, நீ பார்க்கிற மாதிரி பார்க்கக் கற்றுக்கொடு என்று கேட்க நினைத்து வைத்திருந்தேன். வாயில் வந்ததோ, "அம்மா, டீ குடிக்கலைம்மா" என்று. அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எனக்கு யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

இதை எழுதுவது கிறிஸ்மஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில். நடுவில் இரண்டு முறை விழுந்தேன், இரண்டு முறையும் மறுநாளே போய்ச் சொன்னேன். மற்றபடி ஞாயிற்றுக்கிழமைகளில் எழுந்து போய் நன்மை வாங்குகிறேன். மாதாவே உமக்கு நன்றி, அந்தோணியாரே, அகுஸ்தினாரே, மோனிக்கம்மாளே, பெயர் வாயில் நுழையாத சீன வைத்தியரே, உமக்கும்தான்.

போன செவ்வாய் நன்றிச் சீட்டுப் போட அரண்மனைக்காரன் தெருவுக்குப் போயிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "தூத்துக்குடி பக்கம் ஒரு பொண்ணு இருக்காம், போட்டோ வாங்கட்டுமா?" என்றாள். இப்ப வேண்டாம்மா என்று நாக்கு நுனி வரை வந்தது. அகுஸ்தினார் ஞாபகம் வந்தது.

"வாங்கும்மா" என்றேன்.