ஒரு நாள் தாமதமும் 885 ரூபாயும்

2024 ஜூன் 5 அன்று காலை, என் பழைய வங்கிக் கணக்கிலிருந்து 2,385 ரூபாய் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. வேளச்சேரியில் நான் செல்லும் ஜிம்முக்கு மாதச் சந்தா 1,500 ரூபாய்தான். மீதி எதற்கு என்று அன்று மாலை வரவேற்பு மேசையில் கேட்டபோது, அங்கிருந்த இளைஞர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்: பவுன்ஸ் சார்ஜ் 750, ஜிஎஸ்டி 135. "சிஸ்டம்ல தானா ஏறிடும் சார், நாங்க எடுக்க முடியாது" என்றார். ஏற்றத் தெரிந்த சிஸ்டத்துக்கு இறக்கத் தெரியாதா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பையனிடம் கேட்டுப் பயனில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

முதல் தவறு என்னுடையதுதான். அந்த ஆண்டு ஏப்ரலில் அலுவலகம் எங்கள் சம்பளக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றியது. ஜிம்மின் ஆட்டோ டெபிட் பழைய கணக்கிலேயே இருந்ததால், மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் அங்கே பணத்தை மாற்றிவிடலாம் என்று இருந்தேன். மே 5 ஞாயிற்றுக்கிழமை. விடுமுறை நாளில் விழும் தவணை அடுத்த வேலை நாளில்தான் வங்கிக்குப் போகும் என்ற பழைய ஈசிஎஸ் (முன்பு இருந்த மின்னணு வசூல் முறை) காலத்துக் கணக்கில், திங்கள் காலை மாற்றிக்கொள்ளலாம் என்று அசட்டையாக இருந்துவிட்டேன். இத்தகைய தவணைகளை இப்போது வசூலிக்கும் 'நாச்' அமைப்பு 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிறு உட்பட எல்லா நாளும் இயங்குகிறது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. கணக்கில் 1,140 ரூபாய் இருந்தது. தவணை திரும்பியது, வங்கி 250 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டி 45 ரூபாயும் சேர்த்து 295 ரூபாயைப் பிடித்துக்கொண்டது.

திங்கள் மாலை ஜிம் வாசலில் விரலை வைத்ததும் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே கூப்பிட்டு விவரம் சொன்னார்கள். அங்கேயே நின்று யுபிஐ மூலம் 1,500 ரூபாயைக் கட்டி, ரசீதை வாட்ஸ்அப்பில் பெற்றுக்கொண்டேன். அடுத்த முறை விரல் வைத்தபோது பச்சை எரிந்தது. அபராதம் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் எண்ணினேன்.

ஆனால் மே 8 அன்று, நான் கட்டி முடித்துவிட்ட அதே மே மாதத் தவணையை ஜிம் மறுபடியும் வங்கிக்கு அனுப்பியிருந்தது. கணக்கில் எஞ்சியிருந்த 845 ரூபாயில் 1,500 எப்படிக் கிடைக்கும்? மறுபடியும் திரும்பியது, மறுபடியும் 295 போயிற்று. முதல் 295 என் கவனக்குறைவுக்கான விலை என்று ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாவது முழுக்க முழுக்க அவர்களுடைய கணக்குப் பிழை. இது தெரியாமல், ஜூனிலாவது தவறக்கூடாது என்று மே மாதக் கடைசியில் 5,000 ரூபாயை அந்தக் கணக்கில் போட்டு வைத்தேன். அவர்கள் 2,385 ரூபாயை வழித்தெடுக்க வசதியாகப் போனது அதுதான்.

சந்தா 1,500 என்றிருக்க, என்னைக் கேட்காமல் 2,385 எடுக்க எப்படி முடிந்தது? சேரும்போது கையெழுத்திட்ட மேண்டேட்டின், அதாவது என் கணக்கிலிருந்து பணம் எடுக்க ஜிம்முக்குத் தந்த அனுமதிப் படிவத்தின், நகலை மின்னஞ்சலில் தேடி எடுத்துப் பார்த்தேன். தொகை என்ற இடத்தில் 5,000 என்றும், அது 'அதிகபட்சத் தொகை' என்றும் இருந்தது. இத்தகைய மேண்டேட்டில் 'நிலையான தொகை' என்று ஒரு வகையும், 'அதிகபட்சத் தொகை' என்று இன்னொரு வகையும் உண்டு. இரண்டாவதைத் தேர்ந்தால், அந்த வரம்புக்குள் நிறுவனம் கேட்கும் எந்தத் தொகையையும் வங்கி கொடுத்துவிடும். அபராதத்தைத் தருவதா, மறுப்பதா என்று யோசிக்கும் வாய்ப்பையே நான் டேப்லெட் திரையில் விரலால் போட்ட கிறுக்கல் கையெழுத்தோடு ஒப்படைத்துவிட்டிருந்தேன்.

ஒப்பந்தத்தில், தவணை திரும்பினால் 750 ரூபாய் வசூலிக்கப்படும் என்ற வரி இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு தொகை எழுதப்பட்டிருப்பதாலேயே அது முழுவதும் அவர்களுக்கு உரியதாகிவிடாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, மீறலுக்கென ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்ட தொகையை உச்ச வரம்பாக மட்டுமே கொள்கிறது. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், ஏற்பட்ட இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதத்தை விதிக்கும் ஒப்பந்தத்தை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற வரையறைக்குள் வைக்கிறது. என் தாமதம் ஒரே ஒரு நாள். 1,500 ரூபாய்க்கு ஆண்டுக்கு 24 சதவீதம் என்று கந்துவட்டிக்காரர் அளவுக்கு வட்டி போட்டாலும், ஒரு நாளைக்கு முழுதாக ஒரு ரூபாய் வராது. எனவே அவர்கள் காட்டக்கூடிய உண்மையான இழப்பு, தவணை திரும்பியதற்காக அவர்களுடைய வங்கி அவர்களிடம் பிடித்த கட்டணம் மட்டுமே.

ஜிஎஸ்டி 135 ரூபாய் தனிக் கதை. மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்ட் 3 அன்று வெளியிட்ட 178-ஆம் எண் சுற்றறிக்கை, காசோலை திரும்பியதற்கான அபராதம் எந்தச் சேவைக்குமான விலை ஆகாது, எனவே அதற்கு வரி இல்லை என்கிறது. தாமதக் கட்டணத்துக்கோ மூலச் சேவைக்குரிய வரியே உண்டு என்றும் அதே சுற்றறிக்கை சொல்கிறது. இவர்கள் ரசீதில் போட்ட பெயரோ பவுன்ஸ் சார்ஜ். பெயர் அபராதத்துக்கு, வரி தாமதக் கட்டணத்துக்கு என்று இரண்டு படகிலும் கால் வைத்திருந்தார்கள். (இதே கேள்வியை என் வங்கி பிடித்த 45 ரூபாயைப் பற்றியும் கேட்கலாம், ஒரு நேரத்தில் ஒரு சண்டை போதும்.)

இவ்வளவையும் மின்னஞ்சலில் கொட்டாமல், மே 6 ரசீதையும் மே 8 வங்கிப் பதிவையும் இணைத்து ஒரே கேள்வி கேட்டேன்: தவணை திரும்பியதற்காக உங்கள் வங்கி உங்களிடம் பிடித்த தொகை எவ்வளவு, அதற்கான பதிவைக் காட்ட முடியுமா? காட்டினால் முதல் முறைக்குரியதை நானே தந்துவிடுகிறேன், மீதியையும் உங்கள் பிழையால் நான் இழந்த 295 ரூபாயையும் திருப்பித் தாருங்கள் என்று எழுதினேன். நான்கு நாள் கழித்து வந்த பதில் கேள்வியைத் தொடவே இல்லை. தவணை திரும்புவது செக் பவுன்ஸ் வழக்குக்கு இணையான குற்றம் என்ற எச்சரிக்கை மட்டும் இருந்தது. மின்னணுத் தவணைக்கு 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டத்தில் 25-ஆம் பிரிவு இருப்பது உண்மை. ஆனால் எழுத்துமூலம் அறிவிப்பு அனுப்பி, அது கிடைத்த பதினைந்து நாளுக்குள்ளும் பணம் வராவிட்டால்தான் அது குற்றமாகும். மறுநாளே பணத்தை வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுத்தவர்கள் எதை வைத்து வழக்குப் போடுவார்கள்? இதை இரண்டு வரியில் பதிலாக எழுதிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிந்தேன். அந்தச் சேவை தீர்ப்பு வழங்குவதில்லை. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கும், அவ்வளவுதான். ஆனாலும் புகார் எண்ணோடு போகும் கடிதத்துக்குத் தனி மரியாதை இருக்கிறது.

இரண்டு வாரத்தில் மேலாளரே அழைத்தார். முதலில் பதினைந்து நாள் சந்தாவை நீட்டித்துத் தருவதாகச் சொன்னார். பணமாக வாங்கியதைப் பணமாகவே தாருங்கள் என்றேன். ஜூன் கடைசியில் 885 ரூபாய் கணக்குக்கு வந்தது. அவர்களுடைய வங்கி என்ன பிடித்தது என்பதை இன்றுவரை சொல்லவில்லை. என்னுடைய 295 ரூபாயும் வரவில்லை. சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணமும் கிடையாது. ஆனால் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு 295 ரூபாய்க்காக அலைய எனக்குத் தெம்பில்லை.

பழைய மேண்டேட்டை வங்கியில் ரத்து செய்துவிட்டு, சம்பளக் கணக்கில் புதிதாக ஒன்று போட்டேன். ஜிம்மின் படிவத்தில் நிலையான தொகை என்ற தேர்வே இல்லை. அதிகபட்சத் தொகை என்ற கட்டத்தில் முன்பே அச்சாகியிருந்த 5,000-ஐ அடித்துவிட்டு 1,500 என்று எழுதித் தந்தேன். மேசையில் இருந்த அதே இளைஞர், "ஹெட் ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க சார்" என்றார். மூன்றாம் நாள், 1,500 ரூபாய்க்கு மேண்டேட் பதிவாகிவிட்டதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது.