சின்ன ஊருக்குக் குடி போறவங்க நவம்பர்ல போய்ப் பாருங்க

லண்டன விட்டு ஒரு சின்ன ஊருக்குப் போயிடலாம்னு வாயத் திறந்தா போதும், ஆளாளுக்கு ஒரு லிஸ்ட்ட ஃபார்வர்ட் பண்ணுவாங்க, வருஷா வருஷம் பேப்பர்ல வருமே, வாழ்றதுக்கு நல்ல ஊருன்னு, அது. அதுல இருக்குற போட்டோ எல்லாம் பாத்தீங்கன்னா வெயில் அடிக்கும், பூத்தொட்டி தொங்கும். நான் சொல்றது, நவம்பர்ல ஒரு செவ்வாக்கிழமை, கார எடுக்காம ரயில்லயே போங்க. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிடும், அந்த நேரத்துல எந்தக் கடைல லைட் எரியுது, கடைசி பஸ் எத்தன மணிக்கு, ஞாயித்துக்கிழமை பஸ்ஸே இருக்கா, இதப் பாத்தா அந்த ஊரு நமக்கு ஒத்து வருமான்னு பாதி தெரிஞ்சிடும்.

எங்க தேவை பெருசா ஒண்ணும் இல்ல. வீட்டுக்காரருக்கு வாரத்துல ரெண்டு நாள் லண்டன்ல கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன் பக்கம் ஆபீஸ், பொண்ணு அடுத்து செகண்டரி ஸ்கூல், எனக்குக் கார் ஓட்டவே பிடிக்காது. சொல்லும்போது சிம்பிளாதான் இருக்கு, இந்த மூணுக்கும் ஒத்து வர்ற ஊரு தேடும்போதுதான் கஷ்டம் தெரியுது.

மொதல்ல சஃப்ரன் வால்டன். எசெக்ஸ்ல இருக்கு, ஒரு காலத்துல நெஜமாவே குங்குமப்பூ பயிரிட்ட ஊரு, பேரே அதுல இருந்து வந்ததுதான். செவ்வாயும் சனியும் சந்தை, பெரிய சர்ச், அரசுப் பள்ளிக்கூடம் நல்ல பேரு, எல்லாம் சரி. ஆனா ஊருக்குள்ள ஸ்டேஷன் கிடையாது. இருந்துச்சு, 1964ல மூடிட்டாங்க. பீச்சிங்னு ஒருத்தர் 1963ல ஒரு ரிப்போர்ட் குடுத்தாரு, நஷ்டத்துல ஓடுற லைன எல்லாம் மூடுங்கன்னு, அதுல நாடு பூரா ரெண்டாயிரத்துக்கும் மேல ஸ்டேஷன் போச்சு. இன்னைக்கும் ஒரு ஊரு வசதியா இல்லையாங்கறத பாதி அந்த மனுஷன்தான் முடிவு பண்றாரு! இப்ப ரெண்டு மைல் தள்ளி ஆட்லி எண்ட் போய்தான் ரயில் ஏறணும், மழைல, இருட்டுல, தினம் ஒருத்தர் கொண்டு போய் விடணும். அதுவும் வண்டி லண்டன்ல லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்குத்தான் போகும், அவர் ஆபீஸ் பக்கம் போகாது.

ஹெப்டன் பிரிட்ஜ் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஊரு, யார்க்‌ஷயர்ல, லீட்ஸுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவுல. லண்டன் ஆபீஸுக்கு ரொம்ப தூரம்தான், ஆனாலும் ஆசைக்குப் போய்ப் பாத்தோம். ரெண்டு பக்கமும் மலை, சமதளமே இல்லாததால மில் காலத்துல வீட்டு மேல வீடு கட்டியிருக்காங்க, கீழ் வீட்டுக்காரங்க கீழ்த் தெருவுல இறங்குவாங்க, மேல் வீட்டுக்காரங்க பின்னாடி மேல்த் தெருவுல. பாக்க அழகு, ஆனா கீழ இருக்குற இடம் ஒருத்தருது மேல இருக்குற வீடு இன்னொருத்தருதுன்னு வர்றதால வக்கீலும் பேங்க்கும் நெறையக் கேள்வி கேப்பாங்க. அதோட வெள்ளம். 2015 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடைத்தெரு பூரா தண்ணி, 2020ல திரும்பவும்.

வெள்ளத்தப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நம்மாளுங்க வீடு பாக்கும்போது கிச்சனத்தான் மொதல்ல பாக்குறாங்க. போஸ்ட்கோடு போட்டா வெள்ள அபாயம் எவ்ளோன்னு அரசாங்க வெப்சைட்லயே காட்டும், ஆத்து வெள்ளம் தனியா, மழைத்தண்ணி தேங்குறது தனியா. இன்ஷூரன்ஸ் கட்டுப்படியாகணும்னு 2016ல ஃப்ளட் ரீன்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க, ஆனா 2009 ஜனவரி 1க்கு முன்னாடி கட்டின வீட்டுக்குத்தான் அது. ஆத்தோரமா பளபளன்னு புதுசா கட்டின வீட்டுக்குக் கிடையாது. அந்தத் திட்டமும் 2039ல முடியுது, 25 வருஷ லோன் போடுறவங்க அதையும் கணக்குல வச்சுக்கணும். புது எஸ்டேட்ல இன்னொரு தலைவலி, ஃப்ரீஹோல்டு, அதாவது வீடும் நிலமும் முழுசா நமக்கே சொந்தம்னு சொல்லி வித்துட்டு ரோடு, புல்வெளி பராமரிப்புக்குன்னு வருஷா வருஷம் ஒரு பில்லு வரும், உள்ளூர் கவுன்சிலுக்குக் கட்டுற கவுன்சில் டாக்ஸ் போக.

சரி பழைய வீடே வாங்கலாம்னா கிரேட் டூ லிஸ்டட், அதாவது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம். ஜன்னல மாத்தணும்னா பர்மிஷன், கேக்காம மாத்துனா அது கிரிமினல் குத்தம். முன்னாடி இருந்தவர் பண்ணி வச்சதயும் நம்மளச் சரி பண்ணச் சொல்லலாம். குளிர் காலத்துல ஒத்தக் கண்ணாடி ஜன்னலோட ஹீட்டிங் பில்லு எப்டி வரும்னு நெனச்சுப் பாத்துட்டு அந்த ஆசைய விட்டேன்.

லட்லோதான் அவருக்கு உசுரு. ஷ்ராப்‌ஷயர்ல, கோட்டைக்கு முன்னாடி சந்தை, நல்ல சாப்பாடு, அவ்ளோ சின்ன ஊர்ல ஒரு சமயம் மிஷெலின் ஸ்டார் ஹோட்டலே மூணு இருந்துச்சாம். ஸ்டேஷனும் ஊருக்குள்ளயே. ஆனா லண்டனுக்கு நேர் ரயில் கிடையாது, ராத்திரி திடீர்னு ஒடம்புக்கு ஏதாவதுன்னா ஹெரிஃபோர்டுக்கோ ஷ்ரூஸ்பரிக்கோ ஓடணும். ரிட்டயர் ஆனப்புறம் போலாம்ங்கறார். அந்த வயசுலதானே பக்கத்துல ஆஸ்பத்திரி வேணும்னு நான் கேட்டேன், இன்னும் பதில் வரல.

கடைசில மனசு நிக்கிறது ஸ்டாம்ஃபோர்ட். லிங்கன்‌ஷயர்ல, ஊரு பூரா தேன் கலர்ல சுண்ணாம்புக்கல் கட்டடம், 1967ல இங்கிலாந்துலயே பழைய கட்டடங்களுக்காகப் பாதுகாக்கப்பட்ட மொதல் பகுதின்னு அறிவிச்சது இந்த ஊரத்தான். ஆமா, இதுவும் அந்த லிஸ்ட்ல வந்த ஊருதான், 2013ல மொதல் எடம், நான் திட்டுனத வாபஸ் வாங்கல. நாங்க போன அன்னைக்கு மழை கொட்டுச்சு, ஸ்டேஷன்ல இருந்து நடந்தே வெல்லண்ட் ஆத்தத் தாண்டிக் கடைத்தெருவுக்குப் போயிட்டோம், அஞ்சு மணிக்கு மேலயும் ஆளு இருந்தாங்க. பீட்டர்பரோ கால் மணி நேரம், அங்கருந்து கிங்ஸ் கிராஸ் ஃபாஸ்ட் வண்டில அம்பது நிமிஷம். பீட்டர்பரோல தேசிக் கடைங்க, அதாவது நம்ம ஊரு சாமான் விக்கிற கடைங்க இருக்கு, பச்ச மொளகாவும் கொத்தமல்லியும் கட்டுக் கட்டா கெடைக்கும், வாரம் ஒரு தடவ போனா போதும்.

குறை இல்லாம இல்ல. ஊருக்குள்ள அரசு கிராமர் ஸ்கூல், அதாவது பரீட்சை வச்சு ஆள் எடுக்குற பள்ளிக்கூடம் கிடையாது, போர்ன் இல்லன்னா கிரந்தம்னு வேற ஊருக்குப் போகணும். என்.ஹெச்.எஸ்ங்கற அரசு மருத்துவத் திட்டத்துல இருக்குற பல் டாக்டருக்கு ஃபோன் பண்ணிப் பாத்தேன், புதுசா யாரையும் சேத்துக்கலன்னாங்க, அது இங்க லண்டன்லயும் அதே கததான். செகண்டரிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் அக்டோபர் 31, அதுக்குள்ள வீடு வாங்கி முடிக்க நம்ம வக்கீலுங்க வேகத்துல முடியாது, அதனால மொதல்ல ஆத்துல இருந்து தள்ளி மேட்டுப் பக்கமா வாடகைக்கு ஒரு வீடு பாக்குறோம்.