கோடு தரையைத் தொட்டால் ஏபிஐ பதிலைப் பாருங்கள்

வரைபடத்தில் கோடு திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து, அடுத்த புள்ளியிலேயே பழைய உயரத்துக்கு எழுகிறதா? வரைபட லைப்ரரியைத் திட்டுவதற்கு முன் ஏபிஐ (வேறொரு நிரலிடம் தரவு கேட்டு வாங்கும் வழி) தந்த ஜேசானை (தரவு வரும் உரை வடிவம்) அப்படியே அச்சிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே 0 இருக்காது, ‘நல்’ (null, மதிப்பு எதுவும் இல்லை என்ற குறி) இருக்கும்.

ஜாவாஸ்கிரிப்டில் நல்-ஐ ‘நம்பர்’ என்ற செயற்கூறு கொண்டு எண்ணாக்கினால் 0 வரும். வெற்று ஸ்ட்ரிங்கும் (எழுத்தே இல்லாத உரை) அப்படியே. பெயர்தான் நல், செய்வதெல்லாம் கெடுதல். அளவெடுக்கவில்லை என்பதும் அளந்தபோது 0 வந்தது என்பதும் வேறு வேறு செய்திகள். அதனால் எண்ணாக மாற்றும் அந்த ஒரு வரியிலேயே இரண்டையும் பிரித்துவிட வேண்டும். நல்-ஓ வெற்று ஸ்ட்ரிங்கோ வந்தால் நல்-ஆகவே விடுங்கள், மற்றதை மட்டும் எண்ணாக்குங்கள். பிறகு டி3 என்ற வரைபட லைப்ரரியில் கோடு வரையும்போது ‘டிஃபைண்டு’ கொடுத்து நல் புள்ளிகளை விலக்கினால், கோடு அந்த இடத்தில் அறுந்து நிற்கும். சார்ட்.ஜேஎஸ் என்ற லைப்ரரி தானாகவே இடைவெளி விடும். ‘ஸ்பேன்கேப்ஸ்’ போட்டால்தான் ஒட்டும். ஒட்டாமல் விடுவதே நேர்மை.

எந்தப் புலம் (பதிலில் பெயரிட்டு வரும் தரவு) நல் ஆகலாம் என்பது ஏபிஐயின் ஆவணத்தில் இருக்கும், தேடும் இடம் தெரிந்தால். அந்த ஆவணத்தை எழுதும் தர வடிவமான ஓப்பன்ஏபிஐ 3.0-இல் ‘நல்லபிள்’ என்று தனியாக ஒரு குறிப்பு உண்டு. 3.1-இல் அதை எடுத்துவிட்டார்கள். ‘டைப்’ பட்டியலுக்குள்ளேயே நல் எழுதியிருக்கும். 3.0-க்குப் பழகிய கண் அங்கே நல்லபிளைத் தேடி, காணவில்லை என்றதும் நல் வராது என்று முடிவுகட்டிவிடும். ‘ரிக்வயர்டு’ என்ற சொல்லையும் நம்பிவிடாதீர்கள். அந்தப் பெயரில் புலம் கட்டாயம் வரும் என்பதுதான் அதன் பொருள். உள்ளே நல் வரக்கூடாது என்று அது சொல்லவில்லை.

தேதி இன்னும் நயவஞ்சகம். ‘2024-03-01’ என்று தேதி மட்டும் இருந்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். ‘2024-03-01T00:00’ என்று மணியும் சேர்ந்தால் உள்ளூர் நள்ளிரவு. யூடிசிக்கு ஐந்து மணி நேரம் பின்தங்கிய ஊரில் முதல் வடிவம் பிப்ரவரி 29, இரவு 7 மணி. மாதவாரியாகக் கூட்டினால் மார்ச் முதல் தேதிக் கணக்கு பிப்ரவரிப் பட்டையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கிரீன்விச்சுக்குக் கிழக்கே உட்கார்ந்து நிரல் எழுதுபவருக்கு இது கண்ணிலேயே படாது. தொடக்கம் முதல் கடைசி வரை யூடிசியிலேயே கூட்டுங்கள். டி3-இல் ‘ஸ்கேல்டைம்’ வேண்டாம், ‘ஸ்கேல்யூடிசி’ எடுங்கள். எல்லாப் புள்ளியும் 1970 ஜனவரியில் குவிந்தால் காரணம் வேறு: 1970 தொடக்கத்திலிருந்து எண்ணி ஏபிஐ வினாடியில் தந்ததை மில்லிவினாடி என்று படித்திருக்கிறீர்கள். 1000-ஆல் பெருக்கினால் தீர்ந்தது.

புள்ளிகள் சரியாக 30 அல்லது 100 என்று நின்றால் முதல் பக்கத்தை மட்டும் வாங்கியிருப்பீர்கள். நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பின் ஏபிஐயில் பெரும்பாலான பட்டியல்கள் கேட்காவிட்டால் பக்கத்துக்கு 30 தரும், கேட்டால் 100 வரை. அடுத்த பக்கத்தின் முகவரி ‘லிங்க்’ ஹெடரில் (பதிலோடு வரும் கூடுதல் குறிப்பு) வரும். புதியது முதலில் வரும் பட்டியலை ‘ஆஃப்செட்’ எண்ணிக்கையில் (எத்தனை பதிவைத் தாண்டித் தொடங்குவது என்ற எண்) வாங்கும்போது நடுவில் ஒரு பதிவு சேர்ந்தால், முதல் பக்கத்தின் கடைசி வரிசை இரண்டாம் பக்கத்திலும் வரும். நீக்கினால் ஒன்று விடுபடும். ‘கர்சர்’ (எந்தப் பதிவு வரை வாங்கினோம் என்ற குறி) வசதி இருந்தால் அதையே பிடியுங்கள்.

பக்கம் பக்கமாக வேகமாக வாங்கினால் 429 (கோரிக்கைகள் அதிகம் என்ற பிழை எண்) வரும். இதாவது வாய்விட்டுச் சொல்கிற பிழை. கூடவே எப்போது மறுபடி கேட்கலாம் என்று சொல்லும் ‘ரிட்ரை-ஆஃப்டர்’ ஹெடர் வந்தால், அதில் வினாடி எண் இருக்கலாம், முழுத் தேதியும் இருக்கலாம். தேதியை எண்ணாக்கினால் ‘நேன்’ (NaN, எண் அல்ல என்ற குறி). குறித்த நேரம் கழித்து நிரலை ஓட்டும் ‘செட்டைம்அவுட்’டிடம் நேனைக் கொடுத்தால் அது 0 என்று எடுத்துக்கொண்டு உடனே மறுபடி கதவைத் தட்டும், திரும்பவும் 429, திரும்பவும் தட்டல். வந்தது எண்ணா தேதியா என்று பிரித்த பிறகே காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள்.