சிப்பித் தோடும் 5.6 கோடி ஆண்டுக்கு முந்தைய கடலும்

போன ஞாயிற்றுக்கிழமை குளச்சலில் வாங்கிய சிப்பியை அவித்துச் சதையை எடுத்த பிறகு, ஒரு தோட்டை மட்டும் வினிகர் ஊற்றிய கண்ணாடி டம்ளரில் போட்டு வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தோடு முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழ். மறுநாள் பார்த்தால் உள்பக்கத்துப் பளபளப்பு போய்விட்டது, ஓரத்தில் சுண்ணாம்பு கரைந்து பச்சைத் தோல் மட்டும் நகம் மாதிரி வளைகிறது. "உனக்கு வேற சோலி இல்லியா மக்களே?" என்றாள் அம்மா.

சோலி இருக்கிறது. நான்கு மாதமாக எக்செலில் ஒரு கடலை ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அதாவது கார்பன் கலந்தால் கடல் என்னாகும் என்று பார்க்கிற ஒரு கணக்கு மாதிரி.

முதலில் ஒன்று: காற்றில் கூடுகிற கரியமிலவாயு கரைந்து கடல் அமிலமாகிறது என்றால் வினிகர் ஆகிறது என்று அர்த்தமில்லை. தொழிற்புரட்சிக்கு முன் மேல்கடலின் சராசரி பிஎச் (அமில-கார அளவு, 7-க்கு மேல் காரம்) 8.2, இப்போது 8.1, இன்னமும் காரம்தான். ஆனால் இது மடக்கைக் கணக்கு (ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு) என்பதால் அந்த 0.1-க்கே ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது.

இதற்கு முன் ஒரு தடவை கடல் இப்படி அமிலமானதற்குச் சாட்சி ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கடலடியில் இருக்கிற வால்விஸ் மேட்டில் கிடக்கிறது. 2003-இல் அங்கே துளையிட்டு எடுத்த சேற்றுத் தண்டுகளில், நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகளால் ஆன வெள்ளைச் சேறு சட்டென்று நின்று சிவந்த களிமண் தொடங்குகிறது, அப்புறம் மெல்ல மெல்ல வெளுக்கிறது. 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏராளமான கார்பன் காற்றிலும் கடலிலும் கலந்து, பூமி 5 டிகிரிக்கு மேல் சூடாகி, சுண்ணாம்பு மிச்சமில்லாமல் கரைந்துபோகும் ஆழம் அங்கே 2 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்து வந்த காலம் அது. ஆழ்கடல் தரையில் வாழ்ந்த ஃபோராமினிஃபெரா என்ற ஓடுள்ள நுண்ணுயிர் இனங்களில் மூன்றில் ஒரு பங்காவது அழிந்தன.

என் மாதிரியில் காற்று, மேல்கடல், ஆழ்கடல், கடலடிச் சேறு என்று நான்கு பெட்டி. வரவுசெலவு நோட்டு மாதிரிதான். 2 லட்சம் ஆண்டு ஓட்டியும் கடல் பழைய நிலைக்கு வரவே இல்லை. சூத்திரத்தில் பிழை தேடி ஒரு ராத்திரி போயிற்று. கடைசியில் பார்த்தால் பாறைச் சிதைவையே நான் சேர்க்கவில்லை! காற்றிலுள்ள கரியமிலவாயு கரைந்த மழை மலைப்பாறையை அரிக்க, அதிலிருந்து கரைந்த கால்சியமும் பைகார்பனேட்டும் ஆற்றோடு கடலுக்குப் போய்ச் சுண்ணாம்பாகப் படிய வேண்டும். குழித்துறை ஆறு மழைக்காலத்தில் தேங்காப்பட்டணம் நோக்கிக் கலங்கி ஓடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிற ஆள் நான். ஆனால் விஷயம் அந்தக் கலங்கலில் இல்லை, கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருப்பதில்தான். இது படு மந்தமான வேலை, லட்சம் ஆண்டுக் கணக்கு.

அதைச் சேர்த்த பிறகு ஒரே அளவு கார்பனை இரண்டு விதமாக ஊற்றினேன். 5,000 ஆண்டில் ஊற்றினால் ஆழ்கடல் பங்கு வாங்கிக்கொள்கிறது, அடியிலிருக்கிற சுண்ணாம்புச் சேறு கரைந்து அமிலத்தை முறித்துத் தாங்கிப் பிடிக்கிறது, மேல்கடல் ஓரளவு தப்பிக்கிறது. 300 ஆண்டில் ஊற்றினால் முழு அடியும் விழுவது மேல்கடலுக்குத்தான், ஏனென்றால் மேலும் கீழும் கலக்கவே சுமார் ஆயிரம் ஆண்டு ஆகும். அன்றைய கார்பன் சில ஆயிரம் ஆண்டுகளில் வந்தது என்பதுதான் பெரும்பாலானோர் கணிப்பு. இன்று நாம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 கோடி டன் கார்பன் விடுகிறோம்.

குளச்சல் சிப்பி ஒட்டி வளர்கிற பாறை அந்த மேல்கடலில்தான் இருக்கிறது. அடுத்து ஆழ்கடல் பெட்டியை இரண்டாகப் பிரித்து ஓட்டிப் பார்க்கப் போகிறேன். டம்ளரை இன்னும் கழுவவில்லை.