வடகடலுக்கு ஒரு வேகம், தென்கடலுக்கு ஒரு வேகம்

அருவி இல்லாத மாவட்டம் எங்கள் இராமநாதபுரம். ஆனாலும், ஒளி மாற மாற அசையும் நீரை எப்படிப் படமெடுப்பது என்பதை நான் கற்றது இந்தக் கரையில்தான். குற்றாலத்தில் நீர் ஒரே திசையில் விழுந்துகொண்டே இருப்பதால், ஷட்டரை (கேமராவுக்குள் ஒளியை விடும் திரையை) அரை விநாடி திறந்து வைத்தால் பெரும்பாலும் படம் அமைந்துவிடும். தனுஷ்கோடியிலோ சாலைக்கு வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் சிறிது நடைத் தொலைவில் இருந்தும், இரண்டின் அசைவும் வேறு வேறு.

கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் தென்கடலின் அலை உடைந்து பின்வாங்கும் தருணத்தில் ஷட்டரை அரை விநாடியிலிருந்து ஒரு விநாடி வரை திறந்து வைத்தால், மணலில் இழுபடும் நுரை கோடு கோடாகப் பதிவாகும். அங்கே 30 விநாடி வைப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அலையின் வலிமை முழுவதும் வெறும் புகையாகிவிடுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அதே நாளில் சிற்றலை மட்டுமே உள்ள வடகடலுக்குத்தான் அந்த 30 விநாடி பொருந்தும். நீர்ப்பரப்பு சமனாகி வானத்தின் நிறத்தை அப்படியே ஏந்திக்கொள்ளும். வாடைக்காற்றுக் காலத்தில் இது தலைகீழாகிவிடும்.

ஆகவே ஷட்டர் நேரத்தை நீரைப் பார்த்து முடிவு செய்யவேண்டும். ஒளியைப் பார்த்து அல்ல. இதில்தான் எங்கள் ஊர் விடியல் சோதிக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகை அளவிலேயே இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக மேலேறுகிறது. பொன்னொளி அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. சூரியன் எழுவதற்கு முந்தைய நேரத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெளிச்சம் இரட்டிப்பாகிறது. கேமராவைத் தானியங்கி முறையில் விட்டால் அது ஷட்டர் நேரத்தைத்தான் குறைத்துக்கொண்டே போகும். எனவே எல்லாவற்றையும் நாமே அமைக்கும் மேனுவல் முறையில் ஷட்டர் நேரத்தை நிலையாக வைத்து, முதலில் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 100க்கு இறக்கி, பிறகு லென்ஸில் ஒளி நுழையும் துளையை எஃப் 8இலிருந்து 11, 16 என்று சுருக்குவேன். அதற்கு மேல் சுருக்கினால் ஒளி துளையின் விளிம்பில் வளைந்து பரவும் விளிம்பு விளைவால் கூர்மை குறையும் என்பதால், அந்த நிலையில் ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்டி ஃபில்டரை மாட்டுவதே முறை. ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது; அதனால் 6 ஸ்டாப் ஃபில்டர் ஒளியை 64இல் ஒரு பங்காகவும், 10 ஸ்டாப் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகவும் குறைக்கும். பின்னதை மாட்டினால் 1/30 விநாடி ஏறக்குறைய 30 விநாடியாகிவிடும்.

மிகை ஒளியில் நுரையின் வெண்மையிலுள்ள நுணுக்கத்தை இழந்தால் மீட்க வழியில்லை. படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தை முட்டத் தொடங்கியதும், மணலும் படகும் சற்று இருண்டாலும் பரவாயில்லை என்று ஒளியளவைக் குறைத்துவிடுவேன். முக்காலியை ஈர மணலில் ஆழமாக ஊன்றி, அடுத்த அலை அடி மணலை அரித்துச் செல்லும் வரை பொறுத்திருந்து, முக்காலி அசைவற்று நிலைத்த பிறகே ஷட்டரைத் திறக்கவேண்டும்.